பணி நேரம்

பாடாங் கோத்தா. காற்று வடக்கிலிருந்து.
படிவத்தில் அதைத்தான் முதலில் எழுதினேன்.
மணல் வாளி இரண்டு, தண்ணீர் வாளி இரண்டு,
குழாயருகே ஹஸ்னுல்.

கறுப்பு வெள்ளைக் கட்டத்துணி உடுத்தி
அறுபது ஆண்கள் வட்டமாய் உட்கார்ந்தார்கள்.
மேளமில்லை, ஒரு சலங்கைகூட இல்லை.
சக் சக் சக் சக்
தொண்டைகளே தாளம்.
என் பூட்ஸ் தரையைத் தட்டுவதைப் பார்த்து
ஹஸ்னுல் சிரித்தான்.

சீதை வந்தாளாம். நான் பார்க்கவில்லை.
தேங்காய் மட்டைக் குவியலுக்கும்
முதல் வரிசைப் பிள்ளைகளுக்கும்
எத்தனை அடி என்று
அளந்துகொண்டிருந்தேன்.

வெள்ளை வாலோடு அனுமன்.
வெறுங்காலால் நெருப்பை எற்றினான்.
பொறி புல்லில் சிதற
வாளியைத் தூக்கிவிட்டேன், பதினெட்டு வருடப் பழக்கம்.
சக் சக் என்று அறுபது பேரும்
என்னைத்தான் அதட்டுவதுபோல் இருந்தது.
இறக்கி வைத்தேன்.

கூட்டம் கலைந்தபின்
முகமூடியைக் கக்கத்தில் இடுக்கி வந்தான்.
பெயர் கொமாங். குதிகாலெல்லாம் கரி.
சுடவில்லையா என்றேன் மலாயில்.
சுடாமலா என்று
கேட்காமலே என் வாளிக்குள் காலை விட்டான்,
ஒன்று, பிறகு மற்றது.
அப்படியே நின்று
கிராம்புச் சிகரெட்டை உதட்டில் வைத்து
என்னிடமே நெருப்புக் கேட்டான்.

அறிக்கை:
தீ விபத்து ஏதுமில்லை.
செலவான தண்ணீர் ஒரு வாளி.