தறி நிற்கும் நேரத்து வோல்டேஜ்

சோமனூரில் ஞாயிற்றுக்கிழமை
காது திரும்பி வர மதியமாகிவிடும்.
அதுவரை மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்
சனிக்கிழமையே நிறுத்திய தறி.

ஏழு மணிக்குத் துணியை விலக்குகிறேன்.
நாலு வால்வு, மூன்று டிரான்ஸ்பார்மர்.
தூக்கினால் பாவு பீமில் பாதிக் கனம்.

கீழ்த்தட்டில் பழைய டிரான்சிஸ்டர் செட்டு.
பத்தொன்பது வருஷம், ஒருநாள் படுத்ததில்லை.
பல்லி உள்ளே முட்டையிட்டது, பாடியது.
மகன் பாயசம் கவிழ்த்தான், பாடியது.
அதைப் பற்றிச் சொல்ல
என்னிடம் வேறொன்றுமில்லை.

இதற்கென்று ஒரு டைரியே இருக்கிறது.
ஆடியில் இடது வால்வு.
ஐப்பசியில் கண்டன்சர், வெடித்த சத்தத்தில்
எதிர்வீட்டு நாய் ரெண்டு நாள் சோறு தொடவில்லை.
தையில் சாக்கெட் கால்களில் களிம்பு.
வால்வை ஜோடியாகத்தான் மாற்றணும் என்பார்
உடுமலையிலிருந்து பஸ்ஸேறி வரும் ரங்கநாயகம்.
ஒன்று போனால் மற்றதும் போனதாகவே கணக்காம்.
விலை சொல்லும்போது மட்டும்
எழவு வீட்டில் பேசுகிறவர்போலக்
குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

கருணாம்பிகை கேட்டாள்:
"ஏனுங்க, பாட்டுக் கேக்கோணும்னு வாங்குனீங்களா,
இதுக்குப் பத்தியம் பாக்கோணும்னு வாங்குனீங்களா?"

நியாயந்தான்.
பதிலுக்கு ஒரு வயலின் தட்டைப் போட்டேன்.
வில் தந்தியைத் தொடுவதற்கு முன்னால்
வாசிக்கிறவர் மூச்சை உள்ளே இழுக்கிறார்.
கீழ்த்தட்டுச் செட்டில் அந்த மனுஷன்
பத்தொன்பது வருஷமும் மூச்சே விட்டதில்லை.

சங்கடம் வேறிடத்தில்.
ஊர்த்தறி எல்லாம் ஓடும்போது
கரண்டு இளைத்துப்போய் வரும், நூற்றித் தொண்ணூறு.
எல்லாரும் நிறுத்தியதும்
வாங்க ஆளில்லாமல் கம்பியில் பெருத்துக் கிடக்கும்:
இருநூற்றி ஐம்பத்தெட்டு.
வாரத்தில் ஒரு ராத்திரி எனக்கு வாய்க்கிற அமைதியும்
வால்வைத் தீய்க்க வருகிற கரண்டும்
ஒரே கம்பியில்தான் வருகின்றன.

ஸ்டெபிலைசர் இருக்கிறது, இல்லாமல் என்ன.
போட்டால் வால்வு பிழைக்கும்.
அதன் உறுமல் ஸ்பீக்கருக்குள் ஏறி
அந்த மூச்சின் மேல் சம்மணம் போட்டு உட்காரும்.

போன மாசியில்
தறிக்காரர்களுக்கு இலவசக் காது முகாம்.
அட்டையில் ஒரு கோடு பாதிவரை நேராக வந்து
கிணற்றில் விழுந்தது.
"இதுக்கு மேல உங்களுக்குக் கேக்காதுங்கண்ணா"
என்றது அந்தப் பொண்ணு.
சத்தமாக. இரண்டு முறை.

அட்டையைப் பில் புத்தகத்துக்குள் செருகினேன்.
வீட்டில் சொல்லவில்லை.
அதற்கடுத்த வாரம்தான்
புது ஜோடி வால்வுக்குப் பணம் கட்டினேன்.
நான் கேட்பது மூச்சா,
மூச்சு இருந்த ஞாபகமா,
அதை மட்டும் அளக்கிற மீட்டர் என்னிடமில்லை.

போன ஞாயிறு பூண்டு உரித்துக்கொண்டே
கருணாம்பிகை சொன்னாள்:
"வலதுபக்கம் கீச்சுனு ஒண்ணு வருதுங்க,
ரெண்டு வாரமா. கொசுவாட்ட."
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
அணைத்து, ஆறவிட்டு, கழற்றிப் பார்த்தால்
ஒரு வால்வின் உச்சிவெள்ளி
ஓரத்தில் பால்போல் வெளுத்திருந்தது.
எப்படியோ காற்று உள்ளே போயிருக்கிறது.

"உனக்கெப்படித் தெரிஞ்சுது?"

"நானுந்தான் கேக்கறனுங்க,
எல்லா ஞாயித்துக்கிழமையும்."

பூண்டுத்தோலை ஊதித் தள்ளினாள்.
நான் அட்டையை எடுத்துக் கொடுத்தேன்.
படித்தாள். திருப்பிப் பார்த்தாள்,
பின்பக்கம் ஏதோ நல்லதாக இருக்குமென்று.

இன்றைக்கு வேறு ஜோடி மாட்டியிருக்கிறது.
மீட்டரில் இருநூற்றி ஐம்பத்திரண்டு.
ஸ்டெபிலைசர் வயர் கையில்.
அது இல்லாமல் ஒருதரம், வைத்து ஒருதரம்.
எதில் அந்த மனுஷன் மூச்சு விடுகிறார் என்று
அவள் சொல்லட்டும்.

முதலில் இல்லாமல்.

சுவிட்சைப் போட்டாயிற்று.
சூடேற முப்பது விநாடி.
கண்ணாடிக்குள் கம்பி மெல்லச் சிவக்கிறது.
"இருங்க, இருங்க" என்று
அடுப்பை அணைத்துவிட்டு வருகிறாள்.