கதவின் கீழ்ப்பாதி

பின்வாசல் கதவைக் கழற்றி
இரண்டு மேசைகளுக்குக் குறுக்கே கிடத்தியபோது
வீடு வாயைத் திறந்துகொண்டு நின்றது.
கிம்லியில் நவம்பர்.
ஏரி இன்னும் உறையவில்லை,
உறையலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"இதில் எது தலை, எது கால்?"
ரம்பம் கொண்டுவந்த பக்கத்து வீட்டு ஒரெஸ்ட் கேட்டார்.
சிரித்தோம்.
பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு
மூன்று பேரும் குனிந்து
கைப்பிடி எங்கே இருக்கிறதென்று பார்த்தோம்.

மோலியை அளந்தது நான்.
தோள் இருபத்திரண்டு அங்குலம்.
விலா பத்து.
வாலை அளக்க முடியவில்லை, அது நின்றால்தானே.

அட்டையில் வெட்டிய செவ்வகத்தை
கதவில் வைத்துப் பென்சிலால் சுற்றினேன்.
மூலைக்கு ஒரு துளை.
ஸ்டெய்ன்டோர் ரம்பத்தை இறக்கினார்.
தகரம் அலறியது. மோலி
குளியலறைத் தொட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டான்.

வெட்டிய துண்டு கையோடு வந்தது:
மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு,
நடுவில் கேக் மாதிரி மஞ்சள் நுரை.
பதினேழு குளிர்காலம்
இதை நம்பியா தூங்கினோம்?

எட்டுத் திருகாணி,
இரண்டு மடிப்புப் பிளாஸ்டிக்,
அடியில் காந்தப் பட்டை.
தள்ளினால் போகும், விட்டால் 'டக்'.
நாங்கள் மாறி மாறித் தள்ளிப் பார்த்தோம்.
மோலி மட்டும் தள்ளவில்லை.

மூன்று வாரம்.
வெளியே ஸ்டெய்ன்டோர், கையில் சாசேஜ் துண்டு.
உள்ளே நான், கையில் மோலி.
மூக்கை வைப்பான்,
நெற்றியில் பிளாஸ்டிக் படும்,
பின்வாங்கி அதே கதவின் முன்னால் உட்கார்ந்து
முழுக் கதவையும் திறக்கச் சொல்லிக் குரைப்பான்.
மடிப்பை டேப் போட்டுத் தூக்கி ஒட்டினோம்.
ராஜா மாதிரிப் போனான், வந்தான்.
டேப்பை எடுத்தோம். உட்கார்ந்துவிட்டான்.
"இப்படித்தாண்டா" என்று ஸ்டெய்ன்டோர்
முட்டி போட்டு, தோள் வரைக்கும் நுழைந்து காட்டினார்.
மோலி அவர் காதை நக்கினான்.

கடைசியில் ஒரு முயல்தான் கற்றுக்கொடுத்தது.
விறகுக் குவியலோரம்
வெள்ளையாய் எதுவோ துள்ளியது,
'டக்',
அறையில் நாய் இல்லை.

அதற்குப் பிறகு இரவெல்லாம் டக், டக்.
ஒரெஸ்டின் ஒற்றைக் கையுறை வந்தது.
விறைத்த மீன்தலை வந்தது.
காற்றும் வந்தது, அழைக்காமல், கணுக்கால் உயரத்தில்.

ஜனவரியில் ஒருநாள்
நீல இரவு அங்கியும் பூட்ஸுமாகக்
குப்பைப் பையை வைக்கப் போனேன்.
பின்னால் பூட்டு விழுந்தது.
மைனஸ் முப்பத்தொன்று.
ஸ்டெய்ன்டோர் ஏரிமேல், மீன் துளைக்குப் பக்கத்தில்.
ஒரெஸ்டின் ஜன்னலில் விளக்கு இல்லை.
மூச்சு முகத்திலேயே ஒட்டிக்கொண்டது.

பத்து அங்குலம் மோலியின் கணக்கு.
தாராளமாய்ப் பன்னிரண்டு வெட்டியிருந்தோம்.
என் கணக்கை யாரும் எடுக்கவில்லை.

ஒரு கை, பிறகு தலை, பிறகு சாய்த்த தோள்.
இடுப்பில் நின்றது.
பாதி நான் சமையலறையில் இருந்தேன்,
பாதி நான் ஜனவரியில்.

தரையிலிருந்து பார்க்கையில்
நான் துடைத்து வைத்திருந்த வீடு வேறாக இருந்தது.
அடுப்பின் அடியில் பட்டாணிகள் ஊர் அமைத்திருந்தன.
மேசையின் அடிப்பலகையில்
கல்கரிக்குப் போய்விட்ட ப்யார்னி
பத்து வயதில் ஒட்டிய சூயிங்கம்,
வரிசையாக, ஆறு.

மோலி வந்தான்.
மூன்றடி தள்ளி உட்கார்ந்தான்,
ஸ்டெய்ன்டோர் உட்காரும் அதே தூரம்.
தலையைச் சாய்த்து
வா வா என்பதுபோல் ஒருமுறை குரைத்தான்.
சாசேஜ்தான் இல்லை அவனிடம்.

மூச்சை வெளியே விட்டேன்.
வயிறு இறங்கியது. எங்கோ துணி கிழிந்தது.
டக்.

சாயங்காலம் இரண்டு மீனோடு வந்த ஸ்டெய்ன்டோர்
மடிப்பின் ஓரத்தில் எதையோ கிள்ளி எடுத்து
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"நீல நூலாக இருக்கிறதே?"

"மோலிதான்" என்றேன்,
மீனைக் கழுவிக்கொண்டே.

மேசைக்கடியில்
வால் ஆடுவது நின்றது.