மொட்டைக் காசு

சம்பளம் ஏறியதும் டவுன் பஸ்.
கீழ ரதவீதியில், செருப்புக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் நடுவே
ஒருக்களித்தால்தான் நுழைய முடிகிற
கோமதிநாயகம் கடை.
முதல் மாதம் கேட்டேன்,
லட்சுமி இல்லாத காசு இருக்கா?
கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.
'சிலுவை போட்டு வராதும்மா.
மொட்டையாத்தான் இருக்கு. யாரும் கேக்க மாட்டாங்க.'
ஒரு பக்கம் இருபது கிராம்.
மறுபக்கம் மூன்று ஒன்பது.
வேறொன்றும் இல்லை. பிடித்துப்போயிற்று.

காந்தத்தில் ஒட்டாது என்று காட்டினார்.
மேசையில் சுண்டிவிட்டு 'கேளுங்க' என்றார்.
தெருவில் ஆட்டோ ஹாரன்.
மறுபடி சுண்டினார்.
அடங்க மனசில்லாமல் அது அடங்கியது.
பிளாஸ்டிக் கூட்டில் வைத்து அழுத்தி மூடினார்.
'தொறக்காதீங்க. வேர்வை பட்டா கறுத்துரும்.'

தங்கம் ஏன் வாங்கவில்லை என்றால்
தங்கத்துக்கு ஆள் உண்டு.
கொழுந்தனின் லோடு ஆட்டோவுக்கு என் வளையல்,
நாத்தனார் வளைகாப்புக்குச் செயின்.
கழுத்தைப் பார்த்தே கணக்குப் போடுகிற வீடு.
வெள்ளியையும் கேட்கலாம் என்று
இன்னும் யாருக்கும் தோன்றவில்லை.
தோன்றுவதற்குள்
காலி பவுடர் டப்பாவில் போட்டு
நர்சுகள் அறை லாக்கரில்,
நைட் டியூட்டி ஸ்வெட்டருக்கு அடியில்.

இருபத்தொன்பது வரை மாதம் தவறாமல் வந்தேன்.
அடுத்த மாதம் போகவில்லை.
ஞாயிறு பள்ளியில் படித்தவள் நான்.
முப்பது வெள்ளிக்காசு கைவசம் இருக்க
ஒரு ராத்திரிகூட என்னால் தூங்க முடியாது.
டிசம்பரில் கிறிஸ்துமஸ் பணத்தையும் சேர்த்து
ஒரே பில்லில் இரண்டு.
'என்ன சிஸ்டர், லாட்டரி அடிச்சிட்டா?'
ஆமாம் என்றேன்.

அன்று ராத்திரி மூன்று மணி.
ஐகிரவுண்டில் ஒரு நாய் மட்டும் குரைத்துக்கொண்டிருந்தது.
கிளவுஸ் மாட்டி, கூடுகளை முதல்முறையாகத் திறந்து,
குழந்தைத் தராசில் பச்சைத் துணி விரித்து,
பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து,
ஒவ்வொன்றாய் அடுக்கினேன்.
அறுநூற்று இருபது.
ஒரு கிராம் பிசகில்லை.
கோமதிநாயகம் நல்ல மனுசர்தான்.
தராசை ஸ்பிரிட் போட்டு இரண்டு தடவை துடைத்தேன்.

பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கையில்
முக்கூடலிலிருந்து ஆம்புலன்ஸ்.
சுடலைவடிவு, பீடி சுற்றுகிறவள்,
ஆறாம் மாதத்திலேயே பெற்றுவிட்டாள்.
அதே தராசு.
அறுநூற்று இருபது.
'சிஸ்டர், வெயிட் எழுதுங்க.'
எழுதவில்லை.
'சிஸ்டர்?'
என் டப்பாவின் கனம் கைக்குத் தெரியும்.
இது அப்படிக் கனக்கவில்லை.
எண் ஒன்றுதான்.
சத்தியமாக அப்படிக் கனக்கவில்லை.

முதல் வாரம் எல்லாக் குழந்தையும் இறங்கும்.
இதுவும் இறங்கியது, ஐந்நூற்று அறுபது.
மூன்று காசு போயிற்று என்று மனசு சொல்ல,
கை கழுவுகிற இடத்தில் நின்று
என்னை நானே வைதேன்.
பிறகு எட்டு கிராம், பிறகு ஐந்து,
ஒரு நாள் ஒன்றுமே இல்லை,
சுடலைவடிவு கண்ணாடிப் பெட்டியைத் தொடாமல்
அதன் விளிம்போரம் விரலை வைத்தபடி நின்றாள்.
மறுநாள் இருபது.
மாதம் முழுக்கக் கால் வீங்க நின்று நான் சேர்ப்பதை
ஒரே ராத்திரியில்
குழாய் வழியே, மில்லி மில்லியாய்.
ஜனவரிச் சம்பளம் ஏறியதே எனக்கு நினைவில்லை.

மார்ச் ஒன்றாம் தேதி கடைக்குப் போனேன்.
'எங்க ஆளையே காணும்?
வெலை ஏறிக் கெடக்கு சிஸ்டர். இப்பக் குடுத்தா லாபம்.
ஒங்ககிட்ட மொத்தம் எவ்வளவு கெடக்கு?'
வாய் முந்திக்கொண்டது.
தொள்ளாயிரத்து இருபது.
கால்குலேட்டரை இழுத்துப் போட்டார்.
'நாப்பத்தாறு காசா! எங்கிட்ட வாங்குனது அவ்வளவு இல்லையே.'
இல்லை,
அது இன்று காலை ஆறு மணிக்கு எடுத்தது.
சொல்லவில்லை.
அவர் தட்டிக்கொண்டிருக்கிறார்,
தட்டட்டும்.
நாளைக்கு அந்த எண் செல்லாது.