நாற்பத்தொன்று

ஞாயிறு மாலை ரேடியோவில்
நாற்பதிலிருந்துதான் எண்ண ஆரம்பிப்பார்கள்.
நாற்பத்தொன்றுக்குக் குரல் கிடையாது.
அந்த வாரத்து வியாபாரப் பத்திரிகையில்
பொடி எழுத்தில் ஒரு வரி, அவ்வளவுதான்.

ஹல் நகரத்தில், பிரின்ஸஸ் அவென்யூவில்,
மீன்வறுவல் கடைக்கும் சலவைக்கடைக்கும் நடுவே
இசைத்தட்டுக் கடையில் எனக்கு வேலை.
கல்லாவுக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி.
விற்கும் ஒவ்வொன்றையும் அதன் சிவப்புக் கண்ணில் காட்டினால்
பீப்.
இரவில் டெலிபோன் கம்பி வழியே அந்த பீப்களெல்லாம்
லண்டன் போய்ச் சேரும்; அங்கே யாரோ கூட்டுவார்கள்.
வாக்குப்பெட்டிக்குக் காவல் இருப்பவர்கள் மாதிரி
நாங்களும் கொஞ்சம் மிதப்பாகத்தான் நடந்தோம்.

டாம்ப் லெட்டர்ஸ் எங்கள் ஊர்ப் பையன்கள்.
தமிழில் சொன்னால் நமத்துப்போன கடிதங்கள்.
முதலில் ஒரு கேசட், இருநூறு பிரதி,
யார் வீட்டுக் குளியலறையிலோ பதிந்தது.
மூன்றாவது பாட்டின் நடுவே ஃப்ளஷ் இழுக்கும் சத்தம் கேட்கும்.
பிறகு ஓர் ஏழங்குலத் தட்டு: எந்தப் பட்டியலிலும் இல்லை.
அடுத்தது நூற்றுப் பன்னிரண்டு.
அதற்கடுத்தது எழுபத்தெட்டு.
தொண்ணூற்றாறு பிப்ரவரியில் ‘டூ டு பிரிட்லிங்டன்’.
கூட்டமில்லாத காலத்தில் கடற்கரைக்குப் போகும் ஒருத்தன்,
கூட வராத ஒருத்தி, இரண்டு டிக்கெட்.
கேட்டால் சிரிப்பு வரும்;
இரண்டாம் முறை கேட்டால் வராது.

டிரம்ஸ் வாசித்த கிரெய்கின் குடும்பப் பெயர் தண்டர்கிளிஃப்.
இடியைப் பெயரிலேயே வைத்துக்கொண்டு
அவ்வளவு மெதுவாக அடிப்பவனை நான் பார்த்ததில்லை.
அவன் அம்மா திங்கட்கிழமை வந்து மூன்று வாங்கினாள்.
செவ்வாய் மூன்று. புதன்கிழமை வேறு கோட்டில்.
ஒரே ஆள் அள்ளினால் லண்டன்காரர்கள் கழித்துவிடுவார்கள்
என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.
வியாழக்கிழமை கறுப்புக் கண்ணாடி.
இந்த மழையில் எதற்கு என்று நான் கேட்கவில்லை.
பீப். பீப். பீப்.

சனிக்கிழமை ஐந்தரை. கதவைப் பூட்டியாயிற்று.
அலமாரியில் ஒரே ஒரு சிடி மிச்சம்.
எனக்கு வேண்டியிருந்தது.
தொண்ணூற்றொன்பது பென்ஸைக் கல்லாவில் போட்டுவிட்டு
அதைப் பையில் செருகிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.
ஸ்பிரிங் பாங்க் தாண்டும்போதுதான் உறைத்தது:
கண்ணில் காட்டவில்லை.

மறுநாள் நாற்பதில் ஏதோ ஒரு நடனப் பாட்டு.
இடைவெளி எத்தனை என்று யாரும் சொல்வதில்லை.
நூறாக இருக்கலாம். இருந்திருக்கும்.
ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு
அது எப்போதும் ஒன்றுதான்.

ஆல்பம் அறுபத்து மூன்றில் ஒரு வாரம் நின்று
வந்த வழியே இறங்கிப் போனது.
கம்பெனி கைகழுவியது. பாடகன் நியூசிலாந்தில் எங்கோ.
கடை இப்போது முடிதிருத்தகம்.

போன நவம்பரில் என் வீட்டு பாய்லர் செத்தது.
வேனிலிருந்து இறங்கியவனின் சட்டைப் பையில் அந்தப் பெயர்.
முட்டிபோட்டு உட்கார்ந்து ஸ்பேனரால் குழாயைத் தட்டினான்,
மெதுவாக,
ஒவ்வொரு தட்டுக்கும் பின்னால் காத்திருந்து.
டீயோடு சேர்த்துச் சொல்லிவிட்டேன்,
இருபத்தெட்டு வருஷம் சொல்லாததை.

அவன் ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை.
“அம்மா கட்டிலுக்கடியில் பதினெட்டு இருந்தது,” என்றான்.
“ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. அவளிடம் பிளேயரே கிடையாது.”
கொஞ்ச நேரம் குழாய்க்குள் பார்த்தான்.
“உன்னுடையது?”
பிரித்தது. கீறல்கூட விழுந்துவிட்டது, என்றேன்.
இரண்டாவது பாட்டு இப்போது தாவும்.
“அப்போ சரி.”

நீலச் சுடர் பற்றிக்கொண்டது. முள் நடுங்கி நடுங்கி
ஒன்றரையில் போய் நின்றது.
இதற்கு மேல் ஏற வேண்டாம், என்றான்,
ரசீதில் என் வீட்டு எண்ணைத் தப்பாக எழுதி
அடித்துவிட்டு.