பதினொன்று

இறப்புச் சான்றிதழ் மனுவில்
பெயர் என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.
ரேஷன் அட்டையில் பவாய்.
ஆதாரில் பாபாய், கணவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில்
ஊர்ப் பெயர்.
ஜங்புராவில் வேலை பார்த்த வீடுகளில் பவானி,
மூன்றாம் மாடியில் மட்டும் லட்சுமி.
"எனக்கு முன்னாடி இருந்தவ பேரு அது.
கூப்பிட்டுப் பழகிட்டாங்க, நான் எதுக்கு மாத்தணும்?"
பாவாயி என்று ஒரு காகிதத்திலும் இல்லை.
ஏதாவது ஒன்றைப் போடுங்கள் என்றார் கவுண்டர்காரர்.
மணி ஒன்றரை. அவர் டப்பாவைத் திறந்துவிட்டார்.

ஆத்தூரிலிருந்து டெல்லிக்கு எந்த வருஷம் வந்தாய்
என்று கேட்டால்,
"உங்கம்மா வயித்துல. கிளிக்கு நாலு பல்லு."
திரும்பிப் போகிற பேச்சு வந்தால்,
"அங்க எனக்கு யாரு அடுப்பு பத்தவெச்சு வெச்சிருக்கா?"

டிசம்பரில் புடவைமேல் தாத்தாவின் ஸ்வெட்டர்,
அதன்மேல் யார் வீட்டுப் பையனோ போட்டுக் கழித்த கோட்டு,
நெஞ்சில் ஏதோ கான்வென்ட்டின் முத்திரை.
மெட்டிக்கு மட்டும் ஓட்டை வெட்டிய சாக்ஸ்.
அந்தக் கோலத்தில் விடியாத பனியில்
தண்ணீர் லாரிக்கு முதல் ஆளாய் நிற்பாள் அம்மாயி.

கும்பிடுவது தமிழில். அழுவதும்.
திட்டு இரண்டிலும் உண்டு.
எண்ணுவது மட்டும் எப்போதும் இந்தியில்:
சம்பளம், கொடியில் காயும் துணி,
மகள்களின் பிரசவ மாதம்,
இரவில் படுத்திருக்கும் எங்கள் தலைகள்.
பள்ளிக்கூடம் பார்க்காதவள்,
காசு எண்ணிக் கொடுத்தவர்கள் வாயிலிருந்து
எடுத்துக்கொண்ட கணக்கு.

பதினாறாம் நாள் மாமா பேசினார்.
குடும்பத்துக்காக மெழுகுவத்தியாய் உருகினாள் என்றார்.
பெரியம்மா எழுந்து பாத்திரம் கழுவப் போனாள்.

ஏழாவது படித்துக்கொண்டிருந்த செல்லக்கிளியின்
தோளிலிருந்து பையைக் கழற்றித்
தங்கைக்கு மாட்டிவிட்டு
அவளை இரண்டாம் மாடி வீட்டுக்கு அனுப்பியவள் அம்மாயி.
தங்கை, என் அம்மா.
அந்தப் பையிலிருந்துதான்
என் வங்கி வேலை, இந்த மனுவை நிரப்பும் கையெழுத்து,
எல்லாம்.
தெரியாமல் செய்திருந்தால் ஆறியிருக்கும்.
யார் தட்டில் குறைகிறது என்று பார்த்துத்தான் பரிமாறினாள்.
ஆஸ்பத்திரியில் பதினேழு நாளும்
அவளுக்குத் தலை வாரிவிட்டது பெரியம்மா.
இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதாய் நினைவில்லை.

கடைசி இரண்டு ராத்திரி அம்மாயி எண்ணினாள்.
ஏக், தோ, தீன்...
க்யாரா வந்ததும் நிறுத்தி மூச்சு விட்டு
மறுபடி ஏக்.
குடம் எண்ணுது என்றார் மாமா.
எட்டுக் குடத்துக்குமேல் எங்களுக்கு எந்நாளும் கிடைத்ததில்லை.
வீடா? ஒரே சமயத்தில் ஆறுக்குமேல் பார்த்ததில்லை.
நான் எங்களை எண்ணிப் பார்த்தேன்.
பெற்றது, கட்டி வந்தது, பேரன் பேத்தி, ஒன்பது.
போய்ச் சேர்ந்த தாத்தாவோடு பத்து.
இன்னொருவர் யார் என்று
வெட்கமில்லாமல் கேட்டும் பார்த்தேன்.

சீப்பிலிருந்த முடியை உருட்டிக்கொண்டே
பெரியம்மா சொன்னாள்:
"படி.
அந்தக் கட்டடத்துல ஒரு மாடிக்குப் பதினொண்ணு.
எண்ணிக்கிட்டே ஏறு, மூச்சு வாங்காதுன்னு
மொத நாளு எனக்கும் சொல்லிக்குடுத்துச்சு."
கொஞ்ச நேரம் கழித்து,
"வாங்கும்," என்றாள்.

விடியக்காலை ஸாத் வரைக்கும் கேட்டது.
எட்டுக்காகக் காத்திருந்தோம்.

பாவாயி என்றே எழுதிக் கொடுத்தேன்.
ஆவணத்தோடு ஒத்துவராது, அலைய வேண்டிவரும் என்று
எச்சரித்து வாங்கிக்கொண்டார்.
இறங்கும்போது எண்ணினேன். இங்கே பதினாறு,
நடுவில் ஒன்று உடைந்திருந்தது.
வாசலில் நின்று ரசீதைப் பார்த்தால்
தொழில் என்ற இடத்தில்
இல்லத்தரசி என்று அவராகவே போட்டிருந்தார்.

மறுபடி ஏறினேன்.