கடைமடை மாதிரி

முப்பத்தோரு வருடமாக நான் கேட்பது
ஒரே கேள்விதான்.
இந்த ஆட்சியில் உங்களுக்கு
மிகுந்த திருப்தி, ஓரளவு திருப்தி, திருப்தி இல்லை.
எட்டு என்றால் தெரியாது.
ஒன்பது என்றால் சொல்ல மாட்டேன்.

கொரடாச்சேரி டீக்கடைக்காரர்
பாலை ஆற்றிக்கொண்டே கேட்டார்:
"எதுக்கு இத்தன பேரக் கேக்குறீங்க,
ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு போதாதா?"
வகுப்பில் நானும் அதையே சொல்லிக்
கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.
பானை ஒன்றாக இருக்கும்வரை சரிதான்.

நான் தவறிய தேர்தலில்
நாலரைப் புள்ளி தவறினேன்.
பவுடர் பூசி டிவியில் உட்காரவைத்திருந்தார்கள்.
பதினோரு மணிக்கு ஒரு பையன் வந்து
என் சட்டையிலிருந்து மைக்கைக் கழற்றினான்,
துக்க வீட்டில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி
சத்தமில்லாமல்.

பிறகு தஞ்சாவூர் அறையில்
வரைபடத்தில் குண்டூசி குத்திப் பார்த்தோம்.
அறுநூற்றிருபது வீடு.
எல்லாம் தலைமடை,
இல்லையென்றால் தார் ரோட்டு ஓரம்.
ஜபருல்லாவின் டிவிஎஸ் எந்தச் சேற்றில் நின்றதோ
அங்கேயே நின்றிருந்தது மக்கள் கருத்தும்.
முறை வைத்து விட்ட தண்ணீர் மாதிரி
நானும் பாதி வாய்க்காலில் வற்றியிருக்கிறேன்.

அடுத்த தை மாதம்
தலைஞாயிறுக்கும் அப்பால் போனோம்.
கொள்முதல் நிலைய வாசலில்
செங்கமலம் நெல்லோடு ஒன்பதாவது நாளாகக் கிடந்தார்.
எழுத்தர் குத்தூசியைச் சாக்கில் இறக்கி
ஒரு பிடி எடுத்து மீட்டரில் போட்டார்.
பத்தொன்பது. ஈரம். காயப் போடு.
"அடியில குத்துனா ஈரமாத்தான இருக்கும்,
மேல ஒருக்கா, நடுவுல ஒருக்கா
குத்திப் பாருங்க சார்."
இதை நான் எழுதியபோது
நாற்பது பக்கம் ஆனது.

என் கேள்வியையும் கேட்டேன்.
அவர் கொஞ்சம் யோசித்தார்.
"எந்த மாசத்தக் கேக்குற?
தண்ணி தொறந்த மாசமா,
நெல்லு இப்புடிக் கெடக்குற மாசமா?"

காகிதப் படிவமாக இருந்தால்
ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பேன்.
டேப்லெட்டில் ஓரம் கிடையாது.
எட்டா ஒன்பதா என்று
விரல் நிற்கும்போதே
தூறல் விழ ஆரம்பித்தது.
"அந்த முனையப் புடி" என்றார்.
தார்ப்பாயின் அந்த முனையைப் பிடித்தேன்.
காற்று பிடுங்கியது. விடவில்லை.

நேர்காணல் முழுமையடையவில்லை என்று
ஜபருல்லா குறித்துக்கொண்டான்.