ஏழு மீட்டர்

பாலக்கோட்டில் தக்காளி லாரிகள் கிளம்பும் நேரம்.
என் திரையில் இந்தியப் பெருங்கடலின் அடித்தரை.

நார்வே கப்பல் ஓடிய கோடும்
கென்யாக் கப்பல் ஓடிய கோடும்
வெட்டிக்கொள்ளும் இடத்தில்
ஏழு மீட்டர் தகராறு.

மொம்பாசாவிலிருந்து மக்கேனா எழுதுகிறாள்:
அன்றைய நீரின் ஒலிவேகத்தைச் சேர்க்கவில்லை,
பிழை எங்களுடையது,
மூலத் தரவு மொத்தமும் இதோ.
பூட்டில்லாமல் வந்து இறங்குகிறது
ஒரு நாட்டின் கடல்.

சன்னலுக்கு வெளியே போர்வெல் லாரி.
தொள்ளாயிரம் அடி. வெறும் கல்மாவு.
அடுத்த கொல்லை மாதப்பனுக்குப்
போன மாசம் தண்ணீர் வந்தது.
எத்தனை அடியில் என்று
மூன்று தரம் கேட்டுவிட்டார் அப்பா.

"அது ஆச்சுங்க, கொஞ்சம்."

நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு மீட்டர்,
மக்கேனாவுக்குத் தட்டுகிறேன்,
இப்போது பொருந்துகிறது.
மேசை அதிர
இன்னொரு பைப் இறங்குகிறது.